ராத்திரி பதினொன்றுக்கு மேல் டாக்கோ ஏன் இவ்வளவு நல்லா இருக்கு?

#1 இரவுப்பணி | இரவு 1:12

லாஸ் ஏஞ்சலீஸ்ல ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகத்துல மாலை ஷிஃப்ட் பாக்குறேன். முடியறப்போ மணி பதினொன்றரை. வீட்டுக்குப் போற வழியில ஒரு லாண்டரிக்கும் டயர் கடைக்கும் நடுவுல சின்னதா ஒரு மெக்சிகன் கடை. உள்ள எட்டு ஸ்டூல், வெளிய ரெண்டு பிளாஸ்டிக் மேஜை, அவ்வளவுதான். வாசல்லயே பன்றிக்கறி அடுக்கின கம்பி தீக்கு முன்னாடி சுத்திக்கிட்டு இருக்கும். மூணு வருஷமா வாரத்துக்கு ரெண்டு ராத்திரியாவது அங்க நிப்பேன்.

போன சனிக்கிழமை நியூ ஜெர்சியில இருந்து தம்பி வந்திருந்தான். ஆசையா மதியம் ஒரு மணிக்குக் கூட்டிட்டுப் போனேன். அதே கடை, அதே அல் பஸ்தோர் டாக்கோ, அதாவது கம்பியில சுட்ட பன்றிக்கறியைச் சீவி, டோர்டியாங்கற மெல்லிய மக்காச்சோள ரொட்டியில வெச்சு மடிக்கிறது. ஆனா கறி ஈரமா இருந்தது, ஓரத்துல முறுகலே இல்ல. டோர்டியாவை மடிச்சா விரிசல் விட்டுது. தம்பி ரெண்டோட நிறுத்திட்டு, "இதுக்காண்ணா ஃபோன்ல அவ்வளவு சொன்ன?"ன்னான். எனக்கு முகம் சுருங்கிப்போச்சு.

விடல. ஞாயிறு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மறுபடி கூட்டிட்டுப் போனேன். ஒன்பது சாப்பிட்டான். ஏழாவதுக்கு அப்புறம் பேசவே இல்ல.

கேள்வி இதுதான். ராத்திரி டாக்கோ ருசிக்கறது நம்ம பசியாலயா, இல்ல கடையில நிஜமாவே ஏதாவது மாறுதா?

#2 பழைய லாரி | இரவு 1:40

நிஜமாகவே மாறுகிறது தம்பி. முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் இருக்கிறேன், அதில் பாதி ராத்திரி லாரி ஓட்டியது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தச் சுற்றும் கம்பிக்கு த்ரோம்போ என்று பெயர். ஸ்பானிஷில் பம்பரம். மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருப்பதால் அந்தப் பெயர். பன்றித் தோள்கறியை மெல்லிய தகடாகச் சீவி, காய்ந்த குவாஹில்யோ மிளகாய், அச்சியோத்தே என்னும் சிவப்பு விதை, வினிகர் எல்லாம் அரைத்த மசாலாவில் ஊறவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி அடுக்குவார்கள். உச்சியில் அன்னாசி.

தீ படுவது வெளித்தோலில் மட்டும்தான். தோல் கருகி முறுகியதும் கடைக்காரர், அதாவது தக்கேரோ, அதை மெல்லச் சீவி எடுக்கிறார். உள்ளே இருக்கும் அடுத்த அடுக்கு அப்போதுதான் தீயைப் பார்க்கிறது. அது முறுக இன்னும் சில நிமிஷம் வேண்டும். ஒரு சீவலுக்கும் அடுத்த சீவலுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில நிமிஷத்தில்தான் சமையல் நடக்கிறது.

மதியம் இதில் எதுவும் சரியாக அமையாது. பல கடைகளில் த்ரோம்போவை ஏற்றுவதே சாயங்காலம்தான். பகலில் கேட்டால் பெட்டியில் இருக்கும் கறியைத் தட்டையான இரும்புக் கல்லில் போட்டுக் கிளறித் தருவார்கள். அது தண்ணீர் விட்டுக்கொள்ளும். உங்கள் தம்பிக்குக் கிடைத்தது அதுவாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஏழு மணி கூட எனக்குச் சீக்கிரம்தான்: கம்பி இன்னும் தடியாக இருக்கும், வாங்க ஆள் இருக்காது. சனிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் அடைத்தால் இன்னொரு தொல்லை, தோல் முறுகுவதற்கு முன்பே சீவ வேண்டிவரும். பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை, வரிசையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது போங்கள். கத்தியும் தீயும் ஒரே வேகத்தில் போகும் நேரம் அது.

இன்னொன்று. "பியென் டொராடிடோ" என்று சொல்லிக் கேளுங்கள். நல்லாச் செவக்க என்று அர்த்தம். தக்கேரோ உங்களை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கொஞ்சம் காத்திருக்கச் சொல்வார். காத்திருங்கள்.

#3 நார்வார்த்தே வாசி | இரவு 2:05

நான் மெக்சிகோ சிட்டியில இருக்கேன், வேலைக்காக வந்து நாலு வருஷம். நார்வார்த்தே பகுதி. லாரி அண்ணன் சொன்னது அப்படியே சரி. இங்க ராத்திரிதான் டாக்கோவோட நேரம். என் வீட்டுக்குப் பக்கத்துல எல் வில்சித்தோன்னு ஒரு கடை. பகல்ல அது கார் மெக்கானிக் ஷெட். சாயங்காலம் கார்களை ஓரங்கட்டிட்டு த்ரோம்போவைப் பத்த வெச்சிருவாங்க. கிரீஸ் வாடை மாறி கறி வாடை வரும். விடியக்காலை வரைக்கும் ஆள் நிக்கும், நிஜமாவே பாதிப் பேர் நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவாங்க.

அல் பஸ்தோர் பத்தியே பேசுறீங்க. சுவாதேரோவை யாரும் சொல்லலையே! மாட்டோட வயித்துக்கும் பின்காலுக்கும் நடுவுல இருக்கிற மெல்லிய கறி. நடுவுல மேடா இருக்கிற வட்டமான பெரிய தட்டுல, சுத்தி இருக்கிற பள்ளத்துல கொழுப்பு உருகிக் கிடக்கும். அந்தக் கொழுப்புக்குள்ள கறி மணிக்கணக்கா மெதுவா வேகும். பக்கத்துலயே லொங்கனிசாங்கற தொத்திறைச்சியும் வேகும், அதோட காரமும் பூண்டும் கொழுப்புல இறங்கும். சாயங்காலம் அந்தக் கொழுப்பு சப்புன்னு இருக்கும். நடுராத்திரியில அதுக்குள்ள எத்தனை கறி வெந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. நேத்து வெச்ச மீன்குழம்பு இன்னிக்கு ருசிக்கற மாதிரிதான், ஆனா இது ஒரே ராத்திரிக்குள்ள நடக்குது.

கேட்டதும் அவர் ஒரு துண்டை எடுத்து மேட்டுல போட்டு ஓரத்தை முறுக விட்டு, மரக்கட்டையில வெச்சு டக்டக்னு கொத்துவார். டோர்டியாவோட ஓரத்தை அந்தக் கொழுப்புல ஒரு தொடு தொட்டுத்தான் சூடு காட்டுவார். அந்த ஒரு தொடுதான் எல்லாமே.

#4 புதுசு24 | காலை 7:30

எனக்கு ஒண்ணு புரியல. கம்பியில சுத்துறது அப்படியே ஷவர்மாதானே? அப்ப டாக்கோங்கறதே அரபு சாப்பாடா?

#5 நார்வார்த்தே வாசி | காலை 8:15

ஷவர்மான்னு நீங்க பிடிச்சது சரி. ஆனா அது கம்பிக்கு மட்டும்தான் பொருந்தும், டாக்கோவுக்கு இல்ல. சோள டோர்டியாவுல எதையாவது வெச்சு மடிச்சுச் சாப்பிடறது ஸ்பானியர்கள் கப்பல்ல வந்து இறங்கறதுக்கு எத்தனையோ காலம் முன்னாடி இருந்தே இங்க இருக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டோட கடைசியில இருந்து, அன்னைக்கு ஓட்டோமான் ஆட்சியில இருந்த லெபனான் பக்கத்துல இருந்து நிறைய பேர் மெக்சிகோவுக்கு வந்தாங்க. அவங்கள்ல பலர் புவெப்லா நகரத்துல தங்கினாங்க. 1930கள்ல அங்க டாக்கோ அராபேன்னு ஒண்ணு வந்தது: நிமிர்ந்த கம்பியில சுட்ட கறி, பீட்டா மாதிரி கோதுமை ரொட்டி. இங்க ஆட்டுக்கறிக்குப் பதிலா பன்றிக்கறி வந்து உக்காந்துக்கிச்சு. அப்புறம் அது தலைநகரத்துக்கு வந்தப்போ கோதுமை ரொட்டி போய்ச் சோள டோர்டியா வந்தது, மசாலாவுல மிளகாயும் அச்சியோத்தேயும் ஏறிச்சு, தலையில அன்னாசி வந்தது. எல் உவெக்கித்தோங்கற கடை 1959ல இருந்து நடக்குது, எல் தீசோன்சித்தோ 1966ல இருந்து. அல் பஸ்தோர் எங்ககிட்டதான் பிறந்ததுன்னு சொல்ற கடைகள் இங்க ஒண்ணு ரெண்டு இல்ல. நான் அந்தச் சண்டைக்குப் போகல. அல் பஸ்தோர்னா இடையன் பாணின்னு அர்த்தம். ஆடு போயும் இடையன் மட்டும் பேருல தங்கிட்டான்.

புவெப்லாவுல இன்னிக்கும் டாக்கோ அராபே கிடைக்கும். போனா விட்டுடாதீங்க.

#6 கறிவேப்பிலை | காலை 9:50

எல்லாரும் கறி பத்தியே பேசுறீங்க, சைவக்காரங்களுக்கும் ஒரு வழி சொல்லுங்க அண்ணாக்களே. சான் ஹோசேல இருக்கேன். போன மாசம் ராத்திரி ஒரு கடையில பீன்ஸ் டாக்கோ வாங்கி, ரெண்டு சாப்பிட்டு முடிச்ச அப்புறம்தான் பீன்ஸைப் பன்றிக்கொழுப்புல வதக்குவாங்கன்னு தெரிஞ்சது. கடைக்காரம்மா மேல தப்பே இல்ல, நான் கேக்கல. அவங்களே பதறிப்போய் "சொல்லியிருக்கலாமே மிஹா"ன்னு, மகளேன்னு கூப்பிட்டுக் கையைப் பிடிச்சாங்க. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அதுக்கப்புறம் போகவே தயக்கமா இருக்கு.

#7 நார்வார்த்தே வாசி | காலை 10:20

வருத்தமா இருக்குங்க. இனிமே "சின் மன்தேக்கா"ன்னு கேளுங்க, பன்றிக்கொழுப்பு இல்லாமன்னு அர்த்தம். பீன்ஸ்ல இருக்கும், கோதுமை டோர்டியாவுலயும் இருக்கும். அரிசி சாதத்தைக் கோழி ரசத்துல வேக வைக்கிறதும் வழக்கம், அதையும் கேட்டுக்கோங்க. சோள டோர்டியாவுல சோளமும் சுண்ணாம்பும் தண்ணியும்தான், பயம் வேண்டாம்.

நீங்க கேக்க வேண்டியது: ராஹாஸ், அதாவது சுட்டுத் தோலுரிச்ச பொப்லானோ மிளகாயை நீளமா கிழிச்சு க்ரீமோட. பூசணிப்பூ. காளான். வித்லகோச்சே, சோளக்கதிர்ல வர்ற கருப்புப் பூஞ்சை, பார்க்கத்தான் பயமா இருக்கும். அப்புறம் நோப்பாலெஸ். இது நம்ம சப்பாத்திக்கள்ளிதான்! முள்ளைச் சீவிட்டுச் சுடுவாங்க. வெண்டைக்காய் மாதிரி கொஞ்சம் கொழகொழன்னு இருக்கும், லேசாப் புளிக்கும். கறி சுடற கல்லுலயே சுடலாம், அதனால தனிக் கல் இருக்கான்னும் கேளுங்க.

#8 சுண்ணாம்புச்சட்டி | மதியம் 12:35

சப்பாத்திக்கள்ளி என்றதும் உள்ளே வந்துவிட்டேன். அது நம் ஊர்ச் செடி இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் இதற்கென்றே ஒரு தோட்டம் போட்டிருந்தார். கள்ளியில் வளரும் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்ற ஆசை. நம் ஆட்கள் வேலியோரம் மட்டுமே பார்த்த அந்தச் செடியை மெக்சிகோக்காரர்கள் தட்டில் வைத்துத் தருகிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது டோர்டியா. இரவுப்பணி, மடித்தால் விரிசல் விட்டது என்று போகிற போக்கில் சொன்னீர்களே, பாதி விடை அதில்தான் இருக்கிறது.

காய்ந்த சோளத்தை அப்படியே அரைத்து மாவாக்கினால் ரொட்டி ஒட்டாது, உதிரும். கோதுமையில் இருக்கும் பசைப்புரதம் சோளத்தில் கிடையாது. அதனால் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். வெற்றிலைக்குப் போடும் அதே சுண்ணாம்புதான், வேறு எதுவும் இல்லை. ஒரு கிலோ சோளத்துக்குச் சுமார் பத்து கிராம். கொதித்ததும் இறக்கி ராத்திரி முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் தோல் வழுவழுவென்று கழன்று வரும். கழுவி, கல்லில் அரைத்தால் மாசா. இப்படிச் சுண்ணாம்பில் வெந்து ஊறிய சோளத்துக்கு நிஷ்தமல் என்று பெயர், மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாட்டில் சொல். சாம்பலைக் குறிக்கும் நெஷ்ட்லி என்ற சொல்லும், சோள மாவுப் பண்டத்தைக் குறிக்கும் தமல்லியும் சேர்ந்தது.

நான் வீட்டில் செய்கிறேன். ஊறிய சோளத்தின் மூடியைக் காலையில் திறக்கும்போது வரும் வாசனை, பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் முதல் மழை பட்டால் வருமே, அதேதான். முதல் தடவை அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

சுண்ணாம்பு சேர்வதால் மாவு ஒட்டுவதோடு இன்னொன்றும் நடக்கிறது. சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் விடுபட்டு உடம்பில் சேர்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். சோளமே கதி என்று வாழ்ந்த ஏழைகளுக்கு பெலாக்ரா வந்தது. தோல் உரிந்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் இதே கதை. அது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறை என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் நிரூபிக்கவே பல வருஷம் போராட வேண்டியிருந்தது. மெக்சிகோவின் பெண்கள் அம்மியில் அரைத்தே கடந்துவிட்ட ஆபத்து அது.

இனி ராத்திரிக் கதைக்கு வருகிறேன். சோள டோர்டியா கல்லிலிருந்து இறங்கிச் சில நிமிஷம்தான் துணி மாதிரி மடியும். ஆறினால் விறைக்கும். கூட்டம் இருக்கிற நேரத்தில் தட்டுக்கு வருவது இப்போதுதான் இறங்கியதாக இருக்கும். மதியம் ஒரு மணிக்கு ஆளில்லாத கடையில் அது எப்போது இறங்கியதோ.

#9 ஹூஸ்டன் மழை | மதியம் 1:15

எல்லாம் சரி, ஆனா பசியையும் களைப்பையும் ஒதுக்கிடாதீங்க. எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்றவனுக்குப் பச்சைத் தண்ணியும் தேன்தான். இரவுப்பணியோட தம்பி ஒன்பது சாப்பிட்டதுக்கு அன்னிக்கு அவன் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடாததும் ஒரு காரணமா இருக்கலாம்.

அப்புறம், எனக்கு மொறுமொறு ஓட்டு டாக்கோதான் பிடிக்கும். சின்ன வயசுல அப்பா முதல்ல வாங்கித் தந்தது அது. சொன்னா இங்க அடிக்க வருவீங்கன்னு தெரியும்.

#10 பழைய லாரி | மாலை 4:50

அடிக்க வரமாட்டோம். அந்த ஓட்டு டாக்கோவும் மெக்சிகர்கள் செய்ததுதான். சான் பெர்னார்டினோவில் மிட்லா கஃபே என்று ஒரு கடை, 1937இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அங்கே டோர்டியாவை மடித்து எண்ணெயில் பொரித்து டாக்கோ போட்டார்கள். எதிரில் ஹாட் டாக் கடை வைத்திருந்த கிளென் பெல் அங்கே வந்து சாப்பிட்டுப் பார்த்தே கற்றுக்கொண்டார். 1962இல் டவுனியில் டாக்கோ பெல் திறந்தார். உலகம் முழுக்கப் போனது அவர் பெயர். அந்தச் சமையலறையில் பொரித்துக்கொண்டிருந்த பெண்களை எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அது எப்போதும் உறுத்தும். உங்கள் அப்பா வாங்கித் தந்ததை விரும்பிச் சாப்பிடுங்கள், ஒரு நாள் மிட்லாவிலும் போய்ச் சாப்பிடுங்கள்.

ராத்திரிக் கடை இந்த ஊரில் சும்மா வந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1974இல் ராவுல் மார்ட்டினெஸ் ஒரு பழைய ஐஸ்கிரீம் வண்டியை டாக்கோ வண்டியாக மாற்றி கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸில் மதுக்கடை வாசலில் நிறுத்தினார். அதுதான் பின்னால் கிங் டாக்கோ. குடித்துவிட்டு வருகிறவர்களுக்கும், ஷிஃப்ட் முடித்து வருகிற தொழிலாளிகளுக்கும் வேறு எங்கே சூடாகக் கிடைக்கும்? 2008இல் லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டி, ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் டாக்கோ வண்டி நின்றால் குற்றம் என்று சட்டம் போட்டது. ஊரே கொதித்தது. அதே வருஷம் நீதிமன்றத்தில் அது அடிபட்டுப் போனது. நடைபாதையில் விற்பது குற்றமில்லை என்று மாநிலச் சட்டம் வந்தது 2018இல்தான், நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1.

2025 ஜூனில் குடியேற்றச் சோதனைகள் தொடங்கியபோது நான் வழக்கமாக நிற்கும் முனையில் மூன்று வாரம் விளக்கே எரியவில்லை. மேஜை போட்டிருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவர்கள் திரும்பி வந்த முதல் ராத்திரி, வரிசையில் இருந்த ஒருவரும் மீதிச் சில்லறை வாங்கவில்லை.

#11 ஹூஸ்டன் மழை | மாலை 5:05

அந்த மதுக்கடை வாசல் கதை தெரியாது எனக்கு. நன்றி அண்ணா. மிட்லா போய்ட்டு எழுதறேன்.

#12 புதுசு24 | மாலை 6:20

எனக்குப் போகவே பயமா இருக்கு. ஸ்பானிஷ் வராது. எப்படிக் கேக்கறது, எந்தச் சட்னி காரம், எப்ப காசு குடுக்கறது, ஒண்ணும் தெரியல.

#13 இரவுப்பணி | இரவு 12:55

புதுசு, நானும் அப்படித்தான் ஒரு மாசம் வெளிய நின்னு பாத்துட்டே போனேன். கேளுங்க.

முதல்ல எண்ணிக்கை, அப்புறம் கறி: "தோஸ் தே பஸ்தோர், உனோ தே சுவாதேரோ." பஸ்தோர் ரெண்டு, சுவாதேரோ ஒண்ணுன்னு அர்த்தம். அவர் "கோன் தோதோ?"ன்னு கேப்பார். எல்லாம் போடவான்னு அர்த்தம். எல்லாம்னா வெங்காயமும் கொத்தமல்லியும்தான். சரின்னு தலையாட்டுங்க. டோர்டியா ரெண்டு ரெண்டா வரும். கறிச்சாறுல ஒண்ணு கிழிஞ்சாலும் இன்னொண்ணு தாங்கும். சிந்தின கறியை அந்த ரெண்டாவதுல அள்ளி இன்னொரு குட்டி டாக்கோவாச் சாப்பிடலாம். எலுமிச்சையைக் கடைசியாப் பிழியுங்க.

சட்னி விஷயத்துல நான் ஏமாந்திருக்கேன். சிவப்புதான் காரம்னு நினைச்சு, பச்சையை ரெண்டு கரண்டி ஊத்திட்டேன். கண்ணுல தண்ணி நிக்கல. பக்கத்துல இருந்த கட்டடத் தொழிலாளி ஒருத்தர் ஒண்ணும் சொல்லாம தன்னோட முள்ளங்கித் துண்டுகளை என் தட்டுல தள்ளி விட்டார். அதனால முதல்ல ஒரு சொட்டு. குடிக்க ஹமைக்கா கேளுங்க, புளிச்சக்கீரை இனத்துச் செடியோட பூவை மூடியிருக்கிற சிவப்புப் புல்லியிதழ்ல போட்ட பானகம். புளித்தண்ணியும் இருக்கும், அதுக்குப் பேரே தமரிந்தோ. எங்க கடையில காசு கடைசியிலதான். எத்தனை சாப்பிட்டேன்னு நாமதான் சொல்லணும், அவங்க எண்ண மாட்டாங்க. கிளம்பறப்போ சாப்பிட்டுட்டு இருக்கிறவங்களைப் பார்த்து "ப்ரோவெச்சோ"ன்னு சொல்லுங்க, நல்லாச் சாப்பிடுங்கன்னு. தெரியாத ஆளுங்களும் தலையசைப்பாங்க.

இப்பதான் கடையில இருந்து வர்றேன். லாரி அண்ணன் சொன்ன மாதிரி "பியென் டொராடிடோ" கேட்டேன். தக்கேரோ நிஜமாவே ஒரு பார்வை பார்த்தார். தீயைக் கூட்டி, கம்பியைக் கையால அரைச்சுத்து திருப்பி, கத்தியைக் கல்லுல தீட்டிக்கிட்டே நின்னார். கறியில இருந்து ஒரு சொட்டு கொழுப்பு தீயில விழுந்து சடசடத்தது. அப்புறம் சீவினார், காகிதம் மாதிரி. கடைசியில கத்திமுனையால உச்சியில இருந்த அன்னாசியை ஒரு சுண்டு. இடது கையில இருந்த டாக்கோவுல வந்து விழுந்தது. மதியம் எப்படின்னு கேட்டேன். ஆறு மணிக்குத்தான் கம்பியைப் பத்த வைக்கிறாராம். பகல்ல அவர் கடையிலயே இருக்கறதில்லையாம், அவரோட மச்சான்தான் பாத்துக்கிறார்.

#14 நார்வார்த்தே வாசி | இரவு 1:20

தோல் முறுகற வரைக்கும் உங்களைக் காக்க வெச்சதுக்கே அவருக்குக் கூட அஞ்சு டாலர் வெச்சிருக்கணும்!

உங்க தம்பி நியூ ஜெர்சிதானே? பஸேயிக் ஊருக்குப் போகச் சொல்லுங்க. புவெப்லாவுல இருந்து வந்த குடும்பங்கள் அங்க ஏராளம். டாக்கோ அராபே கூடக் கிடைக்க வாய்ப்பிருக்கு. ஆனா ராத்திரி போகச் சொல்லுங்க.

#15 கறிவேப்பிலை | இரவு 9:40

அதே கடைக்குப் போனேன். சின் மன்தேக்கான்னு சொன்னதும் அந்தம்மாவுக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. கல்லோட ஒரு மூலையைச் சுரண்டித் துடைச்சு, நோப்பாலையும் வெங்காயத்தையும் தனியாச் சுட்டுத் தந்தாங்க. மேல கொஞ்சம் சீஸ். நாலு சாப்பிட்டேன். என் பேரைக் கேட்டு, ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாங்க.

#16 இரவுப்பணி | இரவு 11:48

இப்பதான் ஷிஃப்ட் முடிச்சு வெளிய வந்தேன். தம்பிகிட்ட இருந்து ஒரு ஃபோட்டோ வந்திருக்கு. பஸேயிக், அங்க ராத்திரி மணி ரெண்டே முக்கால். மங்கலான லைட்டு, ஒரு ஜன்னல், உள்ள த்ரோம்போ சுத்துது, பாதிக்கு மேல கரைஞ்சு இடுப்பு ஒடுங்கி நிக்குது. கீழ எழுதியிருக்கான்: "அண்ணா, வரிசையில எனக்கு முன்னாடி ரெண்டே பேர். அந்த வார்த்தையைச் சீக்கிரம் அனுப்பு."